ஆண்களுக்காகக் கட்டப்பட்ட கதவு: பெண்களும் பாலியல் சிறுபான்மையினரும் போதை மீட்புக்கு வெளியே நிற்பது ஏன்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், கணிசமானோர் தலித்துகள். சட்டமன்றத்தில் அமளி, நிவாரணத் தொகை குறித்த விவாதம், அதிகாரிகள் மீது நடவடிக்கை, பின்னர் மத்தியப் புலனாய்வு விசாரணை என்று அச்செய்தி நகர்ந்து மறைந்தது. ஆனால் இறந்தோர் பட்டியலில் இருந்த ஒரு விவரத்தைப் பொதுவிவாதம் நின்று வாசிக்கவில்லை. அப்பட்டியலில் பெண்கள் இருந்தனர். திருநங்கையும் இருந்தார்.

குடியைப் பற்றிய நமது பேச்சில் பெண்ணுக்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவள் குடிகாரனின் மனைவி, குடிகாரனின் தாய், குடியால் கணவனை இழந்தவள். மதுக்கடையை மூடக் கோரிச் சாலையில் அமர்பவளாக அவளை நாம் அறிவோம். குடிப்பவளாக அறிய விரும்புவதில்லை. திருநங்கைக்கும் திருநம்பிக்கும் தன்பாலீர்ப்பினருக்கும் அந்த ஓர் இடமும் கிடையாது. அவர்கள் குடித்தால் அது கேலிக்குரிய காட்சி. இறந்தால் பட்டியலில் ஓர் எண்.

பெண்களிடமும் பாலியல் சிறுபான்மையினரிடமும் போதைச் சார்பு இருப்பது புதிய செய்தி அன்று. அதைக் கணக்கெடுக்கும் முறையும் அதற்குச் சிகிச்சை அளிக்கும் முறையும் ஒரே வகை நோயாளியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டுள்ளன என்பதே இங்குப் பேச வேண்டிய செய்தி. அந்த நோயாளி ஓர் ஆண். அவனை அழைத்துவர ஒரு மனைவி உண்டு. சிகிச்சை முடிந்து திரும்ப ஒரு வீடு உண்டு. இம்மூன்றும் வாய்க்காதவர்களுக்கு அக்கதவு திறப்பதில்லை. அவர்கள் தலித்துகளாகவும் இருந்துவிட்டால், கதவு இருக்கும் தெருவுக்கே அவர்கள் வந்து சேர்வதில்லை.

'அடிமை' என்ற சொல்

தமிழில் இந்நோயை 'அடிமைத்தனம்' என்கிறோம். நோயாளியை 'போதை அடிமை' என்கிறோம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லை நாம் சற்றுத் தயங்கியே கையாள வேண்டும். 'அடிமை' என்றவுடன் குற்றம் குடிப்பவரின் மன உறுதியின்மையில் போய் நின்றுவிடுகிறது. 'குடிகாரன்' என்பது வசை என்றாலும் அதில் ஓர் இரக்கம் ஒட்டியிருக்கிறது. 'என்ன கவலையோ, குடிக்கிறான்' என்று அடுத்த வாக்கியம் வரும். பெண்பாலில் அதே சொல்லைச் சொன்னால் இரக்கம் போய்விடுகிறது. பெண் குடித்தால் பேசப்படுவது அவளது உடல்நலம் அன்று, அவளது நடத்தை.

மருத்துவம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. எவ்வளவு பயன்படுத்துவது என்ற கட்டுப்பாடு கைநழுவுதல், அதே விளைவுக்கு மேன்மேலும் அதிக அளவு தேவைப்படுதல், நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பதற்றம் போன்ற விலகல் துன்பங்கள் தோன்றுதல், தீங்கு என்று தெரிந்தும் நிறுத்த இயலாமை ஆகியவை சேர்ந்திருந்தால் அது சார்புநோய். மூளையில் மகிழ்ச்சியையும் தேவையையும் ஒழுங்குசெய்யும் அமைப்பு, போதைப் பொருளால் மாற்றியமைக்கப்படுவதே இதன் அடிப்படை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே இது ஒழுக்கத்தின் சிக்கல் அன்று. சிகிச்சை பெறும் உரிமையின் சிக்கல்.

எண்ணப்படாதவர்கள்

மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. இந்திய அளவில் இன்று வரை மேற்கோள் காட்டப்படும் கணக்கு அதுவே. 10 முதல் 75 வயதுவரை உள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாக அது கூறியது. ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. 17 ஆண்களுக்கு ஒரு பெண் என்பது அதன் விகிதம்.

இந்த 1.6 என்ற எண்ணைக் காட்டித்தான், பெண்களுக்கெனத் தனி ஏற்பாடுகள் தேவையில்லை என்ற முடிவுக்கு நிர்வாகம் எளிதாக வந்துவிடுகிறது. அதே விகிதத்தைத் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 90 லட்சம் பெண்கள் வருகிறார்கள். ஒரு மாநகரத்தின் மக்கள்தொகை அது.

அந்த எண்ணும் குறைவானதாகவே இருக்கக்கூடும். கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது மாமியாரோ கணவனோ அருகில் இருக்க, 'நான் குடிக்கிறேன்' என்று எத்தனை பெண்கள் கூறுவார்கள்? வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டுப் பலரோடு வாடகை அறையில் வாழும் திருநங்கையர் இத்தகைய 'குடும்பக்' கணக்கெடுப்புகளில் முழுமையாக அகப்படுவதில்லை. தன் பாலீர்ப்பை வீட்டாரிடம் மறைத்து வாழும் ஓர் இளைஞர், அதைக் கணக்கெடுப்பாளரிடம் வெளிப்படுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணப்படாதவர்களுக்குப் படுக்கை ஒதுக்கப்படுவதில்லை. படுக்கை இல்லாததால் அவர்கள் வருவதில்லை. வராததால் மீண்டும் எண்ணப்படுவதில்லை. இவ்வட்டம் தானாக உடையாது.

அதே ஆய்வின் இன்னொரு கணக்கும் நினைவில் கொள்ளத்தக்கது. மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஓர் உதவியைப் பெறுகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட எண் அது. ஆண்களுக்கென அமைந்த ஏற்பாட்டிலேயே நிலைமை இதுவானால், மற்றவர்களின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மதுவை மட்டும் பார்த்தால் பெண்களின் போதைப் பயன்பாடு கண்ணில் படாது. புகையிலையைப் பார்க்க வேண்டும். 2016-17ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 14.2 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அதில் மிகப் பெரும்பகுதி மெல்லும் புகையிலை, 12.8 விழுக்காட்டினர். அது புகைவதில்லை, நாறுவதில்லை, வீட்டில் சண்டையை உண்டாக்குவதில்லை. ஆகவே அது போதை என்றே கருதப்படுவதில்லை. வாய்ப்புற்றுநோயாகவும், எடை குறைந்து பிறக்கும் குழந்தையாகவும்தான் அதன் விளைவு வெளிப்படுகிறது.

பசியும் நாற்றமும் உடல்வலியும்

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை இருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். செங்கல் சூளையிலும் சாலைப் பணியிலும் அவ்வாறே. புகையிலையிலுள்ள நிகோட்டின் பசியை மட்டுப்படுத்தும். காலையில் நீராகாரத்தோடு கிளம்பி மதியம் கடந்தும் வேலை செய்பவளுக்கு அது ஓர் இன்பப் பொருள் அன்று, சோற்றுக்கு மாற்று. உடல்வலிக்கு மருந்துக்கடையில் 'ஒரு செட் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பெயரறியா மாத்திரைகளையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். மருத்துவரைப் பார்க்க அரைநாள் கூலியை இழக்க வேண்டியவர்களுக்கு அதுவே மருத்துவம்.

மலக்குழிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் இறங்குவதற்கு முன் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தூய்மைப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். குடிக்காமல் அந்த நாற்றத்தைத் தாங்க இயலாது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பின்னும் அப்பணியில் மனிதர்கள், பெரும்பாலும் தலித்துகள், இறக்கப்படுவது நிற்கவில்லை. குப்பை அள்ளும், கழிவறை கழுவும், மருத்துவமனைக் கழிவுகளைக் கையாளும் பெண்களுக்கும் அதே நாற்றம்தான். ஆண் வெளிப்படையாகக் குடிக்கிறான். பெண் புகையிலையை அடக்கிக்கொள்கிறாள், அல்லது இரவில் யாரும் அறியாமல் குடிக்கிறாள். சாதி விதித்த வேலையைச் செய்வதற்காகவே குடிக்கச் செய்துவிட்டு, 'அவர்கள் குடிப்பவர்கள்' என்று அதே சாதிச் சமூகம் முத்திரை குத்துகிறது.

இம்முத்திரைக்கு நீண்ட வரலாறு உண்டு. மதுவும் இறைச்சியும் விலக்குவதைத் தூய்மையின் அடையாளமாகவும், அவற்றைக் கொள்வதைத் தாழ்வின் அடையாளமாகவும் வைத்தது சாதியச் சிந்தனை. இன்றும் நகரத்து விடுதியில் உயர்சாதிப் பெண் மது அருந்தினால் அது 'நவீனம்' அல்லது 'சீரழிவு' என்று விவாதிக்கப்படும். சேரியில் ஒரு பெண் குடித்தால் விவாதமே இருக்காது. அது அவளுடைய சாதியின் இயல்பு என்று தீர்ப்பாகிவிடும். முன்னவள் நெறி தவறியவள் ஆகிறாள். பின்னவளோ தன் சாதிக்குச் சான்றாக நிறுத்தப்படுகிறாள். இதனாலேயே தலித் பெண் தன் சிக்கலை வெளியே சொல்லத் தயங்குகிறாள். அவள் வாய் திறந்தால் அவள் மட்டுமல்ல, அவளது தெருவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படும்.

அரசோ இந்தச் சந்தையின் நடுவே நிற்கிறது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. மது விற்பனை வழியே அரசுக்கு வரும் ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு கூறுவது ஒருபுறம் இருக்கட்டும். விற்பவரே வரி வாங்குபவராகவும் சிகிச்சை தருபவராகவும் இருக்கும்போது, வருவாயில் எத்தனை விழுக்காடு சிகிச்சைக்குத் திரும்புகிறது என்று கேட்கும் உரிமை குடித்துக் கெட்ட குடும்பங்களுக்கு உண்டு.

பெண் உடலில் விரைந்து பாயும் நோய்

ஒரே அளவு மதுவை ஆணும் பெண்ணும் அருந்தினால் பெண்ணின் இரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு பொதுவாகக் கூடுதலாக இருக்கும். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு என்பதும், இரைப்பையில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதியின் செயல்பாடு குறைவு என்பதும் காரணங்கள். ஆகவே குறைந்த அளவிலும் குறுகிய காலத்திலும் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. முதல் முறை அருந்தியதிலிருந்து சார்புநோய் முற்றுவதுவரை உள்ள இடைவெளி பெண்களிடம் சுருங்கிக் காணப்படுவதையும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நோய் விரைந்து முற்றுகிறது. சிகிச்சைக்கு வருவதோ மிகத் தாமதமாகிறது. இரத்தசோகையும் சத்துக்குறைவும் ஏற்கெனவே உள்ள உடலில் இவ்விரண்டும் சேரும்போது உயிர் தப்புவது அரிதாகிறது.

பெண்கள் இந்த வழிக்குள் வரும் வாயிலும் வேறு. கணவனே ஊற்றிக் கொடுத்துக் குடிக்கப் பழக்குவது, பாலியல் வன்முறைக்குப் பிறகு தூக்கத்திற்காகக் குடிப்பது, குழந்தையை இழந்த துயரத்தில் தொடங்குவது என்று அதன் பின்னே பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அடிக்கடி குடித்துப் போதையேறும் கணவனைக் கொண்ட பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அவனிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்துள்ளனர். குடிக்காத கணவன்மாரின் மனைவியரில் இது சுமார் 23 விழுக்காடு. குடி தரும் வன்முறைக்கும், வன்முறை தரும் குடிக்கும் இடையே பெண் சிக்கிக்கொள்கிறாள். அடியை நிறுத்தாமல் அவளது குடியை நிறுத்த முயல்வது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

பாலினமும் பாலீர்ப்பும் சுமக்கும் அழுத்தம்

பாலியல் சிறுபான்மையினரிடம் மது, புகையிலை, பிற போதைப் பொருள்களின் பயன்பாடு கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களது பாலீர்ப்போ பாலின அடையாளமோ அதற்குக் காரணம் அன்று. தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நீக்கிவிட்டது. காரணம் வெளியே இருக்கிறது. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் விரிவாக முன்வைத்த 'சிறுபான்மை அழுத்தம்' என்ற கோட்பாடு இதை விளக்குகிறது. நேரடி வன்முறையும் புறக்கணிப்பும், எந்நேரமும் அவற்றை எதிர்பார்த்து விழிப்பாக இருக்க வேண்டிய நிலையும், தன்னை மறைத்து வாழும் சுமையும், சமூகத்தின் வெறுப்பைத் தானே விழுங்கித் தன்மீதே வெறுப்புக் கொள்வதும் அன்றாடம் சேர்ந்து அழுத்துகின்றன. சாதி இழிவை அனுபவித்தவர்களுக்கு இந்த விளக்கம் அந்நியமாகத் தோன்றாது. தலித் திருநங்கை இரண்டு அழுத்தங்களையும் ஒரே உடலில் தாங்குகிறார்.

பள்ளியில் கேலிக்குள்ளாகிப் படிப்பை இழந்து, வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கடைகேட்பதும் பாலியல் தொழிலும் தவிர வேறு வழி அடைக்கப்பட்ட திருநங்கையருக்கு மது பெரும்பாலும் பணிக் கருவியாகவே அறிமுகமாகிறது. அறியாத ஆணோடு இருட்டுக்குள் செல்லும் அச்சத்தைக் குறைக்க அது உதவுகிறது. குடிக்குமாறு வாடிக்கையாளரே வற்புறுத்துவதும் உண்டு. போதையில் ஆணுறை பற்றிப் பேரம் பேசும் ஆற்றல் குறைகிறது. எச்ஐவிக்கான கூட்டு மருந்தை நேரம் தவறாமல் உட்கொள்வது தடைபடுகிறது. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்பவர் புகைபிடித்தால் இரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்துக் கூடுகிறது. இவற்றை அவருக்கு யாரேனும் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருப்பார்களா? பெரும்பாலும் இல்லை. புறநோயாளிப் பிரிவில் அவரது பெயரை உரக்க அழைக்கும் விதத்திலேயே அந்த உரையாடல் முடிந்துபோகிறது.

திருநம்பியரும் தன்பாலீர்ப்புப் பெண்களும் வேறுவகைச் சிறையில் இருக்கின்றனர். அவர்கள் துரத்தப்படுவதைவிட அடைத்துவைக்கப்படுவதே மிகுதி. கட்டாயத் திருமணம், கைப்பேசி பறிப்பு, மந்திரவாதி என்று அவர்களது வழி செல்கிறது. நகரத்துத் தன்பாலீர்ப்பு ஆண்கள் சந்தித்துக்கொள்ளப் பாதுகாப்பான பொது இடம் இல்லாதபோது, மதுவிடுதியும் தனி அறைக் கொண்டாட்டங்களுமே சந்திப்பிடங்கள் ஆகின்றன. அங்கே மது மட்டுமல்ல, வேதிப்போதைப் பொருள்களும் கைமாறுகின்றன. அங்கு வன்முறையோ பணப்பறிப்போ நேர்ந்தால், காவல் நிலையம் செல்வது தன்னையே காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்ற அச்சத்தில் அவர்கள் மௌனமாகிவிடுகின்றனர்.

சிகிச்சைக்கூடம் எதிர்பார்க்கும் மனைவி

போதை மீட்பு மையத்தின் நடைமுறையை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். சேர்க்கைக்கு உடனிருப்பவர் வேண்டும் என்பார்கள். குடும்ப ஆலோசனை வகுப்பு உண்டு; அதில் மனைவிக்கு, கணவன் மீண்டும் குடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கற்பிக்கப்படும். வீடு திரும்பிய பின் மாத்திரை கொடுப்பது, மறுபரிசோதனைக்கு அழைத்துவருவது எல்லாம் அவள் பணி. ஆண் குணமடைவதற்கு ஒரு பெண்ணின் ஊதியமில்லா உழைப்பு ஆதாரமாக இருக்கிறது.

நோயாளி பெண்ணானால் அவளுக்கு அந்த 'மனைவி' யார்? ஒரு மாதம் உள்நோயாளியாக இருந்தால் குழந்தைகளுக்குச் சோறு யார் ஆக்குவது? கூலி இழப்புக்கு என்ன வழி? ஊரில் எங்கே போனதாகச் சொல்வது? தன் குழந்தைகளைப் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் வேறு. குடித்த கணவனைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் மனைவியர் எண்ணற்றோர். குடித்த மனைவியைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் கணவர் அரிது. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். பெரும்பாலான தனியார் மையங்களில் பெண்களுக்குத் தனிக்கூடமோ பெண் பணியாளர்களோ இல்லை. திருநங்கையானால் ஆண்கள் கூடமா, பெண்கள் கூடமா என்ற கேள்வியிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.

இன்னும் கொடியது, மீட்பு மையமே தண்டனைக்கூடமாக மாறுவது. கேரளத்தைச் சேர்ந்த இருபாலீர்ப்பு மாணவி ஒருவர், தன் குடும்பத்தினர் தன்னைப் 'போதை மீட்பு' மையங்களில் அடைத்து மருந்துகள் செலுத்தித் தன் பாலீர்ப்பை மாற்ற முயன்றதாகக் காணொளியில் பதிவு செய்தார். 2020 மே மாதம் அவர் உயிரிழந்தார். உண்மையில் சிகிச்சை தேவைப்படுவோர் உள்ளே நுழைய முடியாத அதே கதவு, சிகிச்சையே தேவைப்படாத ஒருவரை அடைக்க மட்டும் எளிதாகத் திறந்திருக்கிறது.

சட்டம் தரும் சாவிகள்

இந்நிலையிலும் கையில் சில சாவிகள் இருக்கின்றன. களப்பணியாளர்களும் மாணவர்களும் இவற்றை அறிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலினம், பாலீர்ப்பு, சாதி, வர்க்கம் உள்ளிட்ட எதன் அடிப்படையிலும் பாகுபாடின்றி அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையை அளிக்கிறது. சாதியும் பாலீர்ப்பும் ஒரே வரியில் இடம்பெறும் அரிய சட்டங்களுள் இது ஒன்று. 86ஆம் பிரிவின்படி வயதுவந்த ஒருவர் தானே முன்வந்து சேர்க்கை கோரலாம். அதற்குக் குடும்பத்தாரின் ஒப்புதல் தேவையில்லை. 14ஆம் பிரிவின்படி தன் 'நியமனப் பிரதிநிதி'யாக வயதுவந்த எவரையும் ஒருவர் அமர்த்திக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. தோழியோ, இணையரோ, திருநங்கையின் குருவோ, சங்கத் தோழரோ அந்த இடத்தில் நிற்கலாம். 'வீட்டிலிருந்து ஆள் வரட்டும்' என்று திருப்பி அனுப்பப்படும்போது எடுத்துக்காட்ட வேண்டிய பிரிவுகள் இவை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. மாதவிடாய்க் காலத் தேவைகளை வழங்குவதும், கட்டாயமாக மொட்டையடிக்காதிருப்பதும் 20ஆம் பிரிவு தரும் உரிமைகள். சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு முற்றாகத் தடைசெய்கிறது. இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யாமல் மனநல நிறுவனம் நடத்துவதும் குற்றம்.

கஞ்சா, ஹெராயின் போன்றவை 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அதன் 27ஆம் பிரிவு பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது. இதற்கு அஞ்சியே பலர் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிறையில் இருக்கும் எத்தனை ஏழை இளைஞர்களுக்கு இப்பிரிவு சொல்லப்பட்டது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. எனவே எந்தப் பெயரில் செய்தாலும், போதை மீட்பு என்ற போர்வையில் செய்தாலும், அது புகாருக்கு உரியது.

இயக்கங்கள் முன்னுள்ள பணி

1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்புகளில் கூடிய பெண்கள், பெரும்பாலும் தலித், பிற்படுத்தப்பட்ட கூலிப் பெண்கள், சாராயத்துக்கு எதிராகத் திரண்டனர். அப்போராட்டம் மாநிலம் முழுதும் பரவி, மறுஆண்டு சாராய விற்பனைத் தடைக்கு வழிகோலியது. குடியை வீட்டுச் சண்டையிலிருந்து அரசியல் கேள்வியாக உயர்த்தியவர்கள் அவர்கள். அம்மரபின் பெருமை குறையாது. ஆயினும் அதன் அடுத்த படியை நாம் ஏறவில்லை. குடியால் பாதிக்கப்பட்டவளாகப் பெண்ணை மேடையேற்றிய இயக்கங்களின் கூட்டங்களில், 'நானும் குடிக்கிறேன், நிறுத்த முடியவில்லை' என்று ஒரு பெண் எழுந்து சொல்ல இன்னும் இடமில்லை.

அந்த இடத்தை உருவாக்குவது பெரும் செலவு பிடிக்கும் பணி அன்று. முதலாவதாக, நம் பேச்சு மாற வேண்டும். குடிப்பவரை இழிவுபடுத்திக் குடியை எதிர்க்க முடியாது. இரண்டாவதாக, ஆபத்தான அறியாமையைக் களைய வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டுவது வலிப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கி உயிரையே பறிக்கலாம். நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். மூன்றாவதாக, மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் அதைத் துரோகமாகப் பார்க்கக் கூடாது. சர்க்கரை நோயைப் போல் இதுவும் ஏறியிறங்கும் நீண்டகால நோய்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. 2025இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. வரவேற்கத்தக்கது. அவற்றில் பெண்களுக்கு எத்தனை படுக்கைகள், திருநங்கையரும் திருநம்பியரும் எந்தக் கூடத்தில் சேர்க்கப்படுவர், குழந்தையோடு வரும் தாய்க்கு என்ன ஏற்பாடு, சிகிச்சைக் காலத்தில் கூலி இழப்புக்கு ஈடு உண்டா என்ற கேள்விகளை ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் எழுப்பலாம். தேசிய ஆய்வுகளில் சாதியும் பாலின அடையாளமும் தனித்தனியே பதிவாக வேண்டும் என்று கோரலாம். தூய்மைப் பணியாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் பாதுகாப்புக் கருவிகளோடு சார்புநோய்ச் சிகிச்சையும் இடம்பெறலாம்.

உடனடி உதவிக்கு, போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கான எண் 181 ஆகியவை இயங்குகின்றன. ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுப் பணியிடங்களிலும் விடுதிகளிலும் ஒட்டினால், அது யாரோ ஒருவரின் கண்ணில் சரியான நாளில் படக்கூடும்.

கருணாபுரத்தில் இறந்த பெண்களும் திருநங்கையும் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் குடித்தார்களா, பல ஆண்டுகளாகக் குடித்துவந்தார்களா, நிறுத்த விரும்பினார்களா, யாரிடமேனும் உதவி கேட்டார்களா? இக்கேள்விகளை அவர்கள் உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய ஒரு செவிலியரோ, களப்பணியாளரோ, தோழரோ அவர்களது தெருவுக்குச் சென்றிருக்க வேண்டும். இன்று நம் தெருக்களில் உயிரோடு இருப்பவர்களிடம் அக்கேள்வியை வெறுப்பின்றிக் கேட்பதிலிருந்து நம் பணி தொடங்குகிறது.